‘செட்’ என்றால் அமர்த்து

1989-ல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமாக விளக்கப்பட்ட சொல் ‘செட்’. நானூறுக்கும் மேற்பட்ட பொருள்கள். இத்தனையையும் மனப்பாடம் செய்ய முடியாது, தமிழ் தெரிந்தவர்களுக்கு அது தேவையும் இல்லை.

அமர் என்பது தன்வினை, அமர்த்து என்பது பிறவினை. ஆங்கிலத்தில் ‘சிட்’, ‘செட்’ இரண்டும் அதே ஜோடிதான். வீழ், வீழ்த்து போல ‘ஃபால்’, ‘ஃபெல்’லும் உண்டு, மரத்தை வெட்டிச் சாய்ப்பதுதான் ‘ஃபெல்’. இது மனதில் நின்றால் பாதி வேலை முடிந்தது. அலாரம் வைப்பது, மோதிரத்தில் கல் பதிப்பது, முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பது, விலை நிர்ணயிப்பது எல்லாமே எதையோ அதன் இடத்தில் அமர்த்துவதுதான்.

தானாக அமர்வதற்கும் ‘செட்’ வரும். சூரியன் மறைவது, ஜெல்லி உறைவது, சிமென்ட் இறுகுவது. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட், தண்ணீர் சேர்த்து 30 நிமிடத்துக்கு முன் செட் ஆகத் தொடங்கக்கூடாது, 600 நிமிடத்துக்குள் செட் ஆகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. இங்கே ‘செட்’ என்றால் குழைவு போய் இறுகுவது மட்டும்தான். அதன்பிறகு நாள்கணக்கில் பலம் ஏறுவதற்கு ‘ஹார்டனிங்’ என்று வேறு பெயர். இரண்டையும் ஒன்றாக நினைத்து, இறுகிவிட்டதே என்று தண்ணீர் விடுவதை நிறுத்தினால் தளம் வெடிக்கும்.

செட் தோசையின் ‘செட்’, அதாவது தொகுப்பு என்ற பொருளில் வருவது, வேறு வழியில் வந்தது. லத்தீனில் ‘பின்தொடர்’ என்ற வேரிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, பிறகு இந்த வினைச்சொல்லோடு கலந்துவிட்டது.

தவறு அதிகம் நடக்கும் இடங்கள்: இறந்தகாலத்திலும் ‘செட்’தான், ‘செட்டட்’ கிடையாது. ‘செட் அப்’ வினையானால் பிரித்து எழுதி ‘அப்’பை அழுத்த வேண்டும், பெயரானால் சேர்த்து எழுதி ‘செட்’டை அழுத்த வேண்டும். ‘செட் இன்’ வந்து நிலைத்துவிடுவதைச் சொல்வது, பெரும்பாலும் மழை, குளிர், சோர்வு, அழுகல் போன்றவற்றுக்கு. ‘சந்தோஷம் செட் இன்’ என்று எழுதினால் காதில் உறுத்தும்.

“அந்தக் கலர் எனக்கு செட் ஆகல” என்பது நாமே உண்டாக்கிக்கொண்ட அழகான பிரயோகம். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் அதை ‘சூட்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்: ‘இட் டஸின்ட் சூட் மீ’.