நொச்சி வேலியும் ஒரு பழுப்புக் குருவியும்: ஒரு வலசைப் பருவக் குறிப்பு

செப்டம்பர் கடைசி

வலசை என்றாலே எல்லோரும் குளக்கரைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்தப் பருவத்தில் நான் எங்கும் போவதாக இல்லை. கோவைக்கு வெளியே எங்கள் வீட்டின் பின்னால் நொச்சியும் உண்ணிச்செடியும் பின்னிக் கிடக்கும் வேலி ஒன்று உண்டு. அதற்குள் வந்து தங்கும் பிளைத் நாணல் கதிர்க்குருவியை, வருவது முதல் கிளம்புவது வரை தொடர்ந்து பார்ப்பது என்று திட்டம்.

முதலில் காதில் விழுந்தது 'டக்'. கொஞ்ச இடைவெளி விட்டு மறுபடி 'டக்'. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று எடுத்தால் வரும் ஓசை. ஆளைக் காணோம். கைப்பேசியில், குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலியைத் திறந்தால், பக்கத்தில் கத்தும் தையல்சிட்டைத்தான் உடனே காட்டுகிறது. இப்படி ஒற்றை ஒலி மட்டும் எழுப்பும்போது இந்தப் பறவைக்குச் செயலியைவிடக் காது நல்லது.

அக்டோபர்

பார்த்தாகிவிட்டது. வேலியை ஒட்டி நடந்தால் உள்ளேயே நழுவிக்கொண்டு போகிறது. ஓர் இடத்தில் உட்கார்ந்து இருநோக்கியை இடைவெளி ஒன்றின் மேல் வைத்துக் காத்திருந்தால் அதுவே அங்கு வருகிறது.

அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் சிக்கல். முதுகு முழுக்க ஒரே சீரான மங்கிய ஆலிவ் பழுப்பு. கோடு, புள்ளி, பட்டை எதுவும் கிடையாது. வயிறு வெளுப்பு. சரி, எதை வைத்து அடையாளம் சொல்வது? நெற்றி தட்டையாகச் சரிந்து நீளமான அலகோடு சேர்கிறது. புருவம் வெளிறியது, அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில்தான் துலக்கம், கண்ணைத் தாண்டியதும் மங்கிவிடும். வால் நுனி வட்டம். உட்கார்ந்திருக்கும்போது இறக்கை கட்டையாகத் தெரியும். மொத்த நீளம் 13 செ.மீ. அளவு, எடை பத்துப் பன்னிரண்டு கிராம்.

குழப்பும் உறவினர் இரண்டு. பச்சைக் கதிர்க்குருவிக்குப் புருவம் நீளம், இறக்கையில் மெல்லிய வெளிர்க் கோடு, இருப்பிடம் மர உச்சி. பெரிய நாணல் கதிர்க்குருவி பெயருக்கேற்ற பெரிய ஆள், குளத்துச் சம்புக் கோரைக்குள் இருந்து கரகரவென்று கத்தும். நம்முடைய ஆள் குளிர்காலத்தில் தண்ணீரையெல்லாம் தேடுவதில்லை. புதர், வேலி, தோப்போர அடர்த்தி போதும். இலைக்கு அடியில் இருக்கும் பூச்சி, புழு, சிலந்திதான் சாப்பாடு.

நவம்பர்

மழை. அதிகம் பார்க்கவில்லை. ஆனால் வேலியின் கிழக்கு முனையில் ஒன்று 'டக்' என்றால் மேற்கு முனையிலிருந்து இன்னொன்று பதில் தருகிறது. இவை குளிர்காலத்திலும் ஆளுக்கொரு எல்லை வைத்துக்கொள்பவை. நொச்சி ஒருவருக்கு, உண்ணிச்செடி இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொண்டது போலத்தான் இருக்கிறது. நடுவிலிருக்கும் செம்பருத்திக்குத்தான் சண்டை. அப்போது 'டக்' போய் 'ட்ர்ர்' என்று ஓர் உறுமல் வரும்.

ஜனவரி

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் ஈபேர்டு என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல் போட்டேன். 'கேட்டது மட்டும்' என்று எழுதிச் சேர்த்தாலும் அது முறையான பதிவுதான். இந்தப் பறவையைக் கண்ணால் பார்த்தால்தான் எழுதுவேன் என்று பிடிவாதம் பிடித்தால் பாதிப் பட்டியலில் விட்டுப்போகும்.

ஏப்ரல்

நான் எதிர்பார்த்திருந்தது இதைத்தான். வெயில் ஏற ஏற, வெறும் 'டக்' சொன்ன பறவை புதருக்குள் இருந்தபடி முணுமுணுவென்று பாட ஆரம்பித்துவிட்டது. ஒரு சொற்றொடரை எடுத்து நாலைந்து தடவை திருப்பிச் சொல்கிறது, இடையில் இரண்டு 'டக்' போடுகிறது, அப்புறம் அடுத்தது. மற்ற பறவைகளின் குரலையும் நடுநடுவே செருகும். இது ஒத்திகைதான். முழுப் பாட்டு கூடு கட்டும் நாட்டில், பெரும்பாலும் இரவில் நடக்கும்.

அந்த நாடு பின்லாந்தாகவும் இருக்கலாம், பால்டிக் கரையாகவும் இருக்கலாம், ரஷ்யா, கஜகஸ்தான் வழியாக மங்கோலியா வரை எதுவாகவும் இருக்கலாம். ஐரோப்பாவின் கோடைக் குருவிகளில் பெரும்பாலானவை குளிருக்கு ஆப்பிரிக்கா போகின்றன. இதுவோ பின்லாந்திலிருந்து கிளம்பினாலும் தென்கிழக்காகத் திரும்பி இந்தியாவுக்கும் இலங்கைக்கும்தான் வருகிறது. 1849-இல் இதை அறிவியலுக்கு விவரித்த எட்வர்ட் பிளைத், கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்தவர். ஆண்டில் பாதிக்கு மேல் நம்மிடம் இருக்கும் பறவையை 'விருந்தாளி' என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

மாதக் கடைசியில் மேற்கு முனை ஓய்ந்துவிட்டது. கிழக்கு முனைக்காரர் இன்னும் கிளம்பவில்லை.

வேலியை வெட்டுவது மே மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. வெட்டினாலும் செப்டம்பருக்குள் தழைத்துவிடும். அடுத்த பருவத்தில் பச்சைக் கதிர்க்குருவியை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை. அது வேப்பமரத்து உச்சியைவிட்டு இறங்காது, கழுத்துதான் பாடுபடும்.