மணிக்கு 36: டெல்டா ரோட்டில் ஒரு ரேலி

கார் ரேஸுக்குப் போய் வந்தேன் என்றால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு ஸ்பீடுல போனீங்க?" மணிக்கு 36 கிலோமீட்டர். சில இடத்தில் 30. உண்மையைச் சொன்னால் ஆள் சிரித்துவிட்டுப் போய்விடுகிறார். டவுன் பஸ்ஸே இதைவிட வேகமாகப் போகும் என்று என் கொழுந்தியாள் சொன்னாள். அதுவும் உண்மைதான்.

ஆசை தொடங்கிய இடம் வேறு. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 318-ஆம் நெடுஞ்சாலையை அடைத்துவிட்டு, 1988 முதல் சில்வர் ஸ்டேட் கிளாசிக் என்று ஒரு போட்டி நடத்துகிறார்கள். லண்ட் என்ற ஊரிலிருந்து ஹைக்கோ வரை 90 மைல், நம் கணக்கில் 145 கிலோமீட்டர். பாலைவனத்து ரோடு. அதன் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பைத்தியம் பிடித்தது. பிறகு விதியைப் படித்தபோது ஆச்சரியம். வேக எல்லை இல்லாத பிரிவைத் தவிர மற்றதில் முந்தி வருபவன் ஜெயிப்பதில்லை. சராசரி வேகம் இவ்வளவு என்று முன்பே சொல்லிப் பேர் கொடுக்க வேண்டும். அதற்கு யார் மிக நெருக்கமாக வந்து சேர்கிறாரோ அவருக்குத்தான் பரிசு. மணிக்கு 110 மைல் வகுப்பில் பேர் கொடுத்தவர் 49 நிமிடம் 5.45 விநாடியில் கோட்டைத் தொட வேண்டும். முன்னால் வந்தாலும் தப்பு, பின்னால் வந்தாலும் தப்பு.

நம்மூரில் அந்த வேகத்துக்கு வழியில்லை. அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவு காத்திருக்கிறது. அபராதம், சிறை இரண்டும் அதில் உண்டு. ரோட்டை அடைத்துவிட்டு முழு வேகத்தில் விடும் ஸ்டேஜ் ரேலி ஓட்டலாம் என்றால் ரோல் கேஜ் என்கிற இரும்புக் கூண்டு, ஹெல்மெட், இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ் என்று பட்டியல் நீளும், பர்ஸ் தாங்காது. மிச்சம் இருப்பது டி.எஸ்.டி. ரேலி. டைம், ஸ்பீடு, டிஸ்டன்ஸ். சாலை திறந்தே இருக்கும், போக்குவரத்து விதி எல்லாம் உண்டு, கொடுத்த சராசரியில் ஓட்ட வேண்டும். நெவாடாக்காரன் பாலைவனத்தில் செய்வதை நாம் வலங்கைமானில் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆடி

வண்டி பழைய மாருதி 800. நேவிகேட்டர் என் மனைவியின் தம்பி. அரிசி மில் எடைமேடையில் வேலை; லாரி ஏறி இறங்குவதற்குள் கிலோவைக் குவிண்டாலாக்கி மனதிலேயே காசு போட்டுவிடுவான். கார் ஓட்டத் தெரியாது. அதுவே நல்லது, பக்கத்தில் உட்கார்ந்து பிரேக் மிதிக்க மாட்டான்.

முதல் வேலை மீட்டரைச் சரிபார்ப்பது. வண்டியை விற்றவர் பள்ளம் மேட்டுக்கு உதவும் என்று ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 டயரைப் போட்டுக் கொடுத்திருந்தார். கம்பெனி போட்டது 145/70 ஆர்12. நடுவில் வரும் 80, 70 என்பது டயரின் பக்கவாட்டு உயரம் அதன் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. டயரின் பக்கவாட்டு உயரம் கூடினால் சக்கரத்தின் மொத்தச் சுற்றளவு கூடும். கணக்குப் போட்டால் பழைய டயர் ஒரு சுற்றுக்கு சுமார் 1.60 மீட்டர் போகும், இது 1.69. சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்பதை வைத்துத்தான் மீட்டர் தூரம் காட்டுகிறது, டயர் மாறியது அதற்குத் தெரியாது. ஆக வண்டி கூடுதலாகப் போயிருக்கும், மீட்டர் குறைத்துச் சொல்லும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற ரோட்டில் விடியற்காலை போய்ப் பார்த்தோம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம் பாயும் புது டெல்டா அது, பழைய டெல்டாவைவிட ரோடு நேராக இருக்கும். ஒரு கிலோமீட்டர் கல்லின் அருகே பூஜ்யத்தில் வைத்து, பத்து கல் தள்ளி நிறுத்தினால் மீட்டரின் கடைசி உருளை 9.4-க்கும் 9.5-க்கும் நடுவே, ஏறக்குறைய 9.46-ல் நின்றது. திரும்ப வரும்போதும் அதே. பத்தை 9.46-ஆல் வகுத்தால் 1.057. டயர் கணக்கில் வந்த விகிதமும் அதுதான். மாப்ள அந்த எண்ணைத் துண்டுக் காகிதத்தில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினான். இன்னும் அங்கேயே இருக்கிறது, மஞ்சள் படிந்து.

மீட்டரைத் திருத்த நாங்கள் போகவில்லை. கணக்கைத் திருத்திக்கொண்டோம். மணிக்கு 36 என்றால் விநாடிக்கு 10 மீட்டர், கிலோமீட்டருக்கு 100 விநாடி. எங்கள் மீட்டரின் ஒரு கிலோமீட்டருக்கு 105.7 விநாடி. மீட்டரில் கடைசி உருளை ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஒரு எண் நகரும். அது நகரும்போதெல்லாம் கடிகாரத்தில் 10.57 விநாடி கூடியிருக்க வேண்டும். இப்படி 24, 30, 36, 40, 45 எல்லாவற்றுக்கும் அவன் அட்டவணை போட்டுவிட்டான். மில் பில்புத்தகத்தின் பின்பக்கத்தில், கார்பன் தாள் வைத்து இரண்டு நகல்.

ஐப்பசி

அட்டவணை கையில் இருந்தும் நேரம் தவறிக்கொண்டே இருந்தது. டெல்டாவைச் சமதரை என்கிறோம். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, கொண்டை ஊசி வளைவு இல்லை. பிறகு என்ன கஷ்டம்? கும்பகோணத்திலிருந்து நாச்சியார்கோயில், திருச்சேறை வழியாகக் குடவாசல் வரை ஓட்டிப் பார்த்தால் புரியும். இங்கே ரோடு தண்ணீர் சொன்னபடி போகிறது. ஆற்றங்கரையோடு கொஞ்ச தூரம், பிறகு சட்டென்று திரும்பி ஒற்றைப் பாலத்தில் குறுக்கே ஏறி, அந்தக் கரையில் மறுபடி பழைய திசைக்குத் திரும்பும். வாய்க்கால் இருக்கும் இடமெல்லாம் இதே ஆட்டம். நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. அதற்குக் கீழே வாய்க்கால்களை எண்ணி மாளாது.

ஒரு பாலத்துக்கு என்ன செலவு என்று பார்ப்போம். திருப்பம் முதல் திருப்பம் வரை நூறு மீட்டர், 18-ல்தான் போக முடியும். 10 விநாடி ஆக வேண்டிய இடத்தில் 20 ஆகிறது. பத்து விநாடி கடன். 45-ல் ஓட்டினால் நூறு மீட்டருக்கு 8 விநாடி, அதாவது நூறு மீட்டருக்கு 2 விநாடிதான் மீட்க முடியும். கடனை அடைக்க அரை கிலோமீட்டர் வேண்டும். அதற்குள் அடுத்த பாலம் வந்துவிடும்! வட்டி கட்டியே முடிகிற விவசாயக் கடன் போல அது தலைக்கு மேல் போய்க்கொண்டே இருக்கும்.

முள்ளை 36-ல் அசையாமல் வைத்திருப்பவன் இந்த ரோட்டில் கட்டாயம் தாமதமாவான். முள்ளைப் பார்த்து ஓட்டுவதை விட்டுவிட்டு மாப்ளயின் வாயைக் கேட்டு ஓட்டத் தொடங்கிய பிறகுதான் தேறினோம். அவன் வேகம் சொல்ல மாட்டான், விநாடிதான் சொல்வான். "அத்தான், ஏழு பாக்கி." "நாலு பாக்கி." "சரியா இருக்கு, இப்படியே வாங்க." "ரெண்டு கூட, காலை எடுங்க." பாலம் வருமுன்பே இரண்டு மூன்று விநாடி முன்கூட்டிச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவன் யோசனை. நல்ல யோசனை. ஆனால் நாம் வரும் நேரத்தைக் குறிக்க நடத்துபவர்கள் மறைந்து உட்கார்ந்திருக்கும் கன்ட்ரோல் பாலத்துக்கு முன்னாலேயே இருந்தால் மாட்டிக்கொள்வோம். எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது, அதுதான் இந்த விளையாட்டின் வயிற்றெரிச்சல்.

நேவிகேட்டர் என்றால் வழி சொல்கிற எடுபிடி என்று நினைப்பவர்களுக்கு 1955-ஐச் சொல்வேன். இத்தாலியில் மில்லே மில்லியா, ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் பொதுச் சாலையில் ஓடிய பந்தயம். ஸ்டர்லிங் மாஸ் ஓட்டினார், டெனிஸ் ஜென்கின்சன் பக்கத்தில். திருப்பம், மேடு எல்லாவற்றையும் முன்கூட்டியே போய்க் குறித்து ஒரு நீளமான காகிதச் சுருளாக்கி, சின்னப் பெட்டிக்குள் வைத்து உருட்டி உருட்டிப் படித்தார் ஜென்கின்சன். என்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது, எல்லாம் கைச்சைகை. 10 மணி 7 நிமிடம் 48 விநாடி. சராசரி 157 கிலோமீட்டருக்கு மேல். காரில் எழுதியிருந்த எண் 722. காலை 7.22-க்குக் கிளம்பிய வண்டி என்று அர்த்தம். இரண்டு வருடம் கழித்து 1957-ல் ஒரு கார் கூட்டத்துக்குள் புகுந்து குழந்தைகள் உட்படப் பலர் செத்த பிறகு அந்தப் பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போது அதே பெயரில் நடப்பது பழைய கார்களின் நேரக்கணக்கு ரேலி. அதாவது நாங்கள் செய்வதுதான், கார் மட்டும் கோடிக்கணக்கில்.

மாசி

போட்டி. ஒரு சின்ன கிளப் நடத்தியது, தஞ்சாவூரில் தொடக்கம், நிமிடத்துக்கு ஒரு வண்டி. ரோடுபுக் கையில் கொடுத்தார்கள். அதில் படம் படமாக இருக்கும்: கீழே ஒரு புள்ளி, அதிலிருந்து கிளம்பும் அம்புக்குறி நாம் போக வேண்டிய வழி, மற்ற கோடுகள் போகக் கூடாதவை. பக்கத்தில் தூரம், அப்புறம் "கோயில்", "ரைஸ் மில்", "பாலம்" என்று அடையாளம். நெதர்லாந்தின் டியூலிப் ரேலியில் பிரபலமானதால் டியூலிப் படம் என்றே பெயர். டெல்டாவில் "பாலம்" என்று அடையாளம் கொடுத்த புண்ணியவான் யார் என்று மாப்ள வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான். இரண்டு கிலோமீட்டரில் பாலங்கள் வரிசையாக நின்றால் எந்தப் பாலம்? தூரம்தான் கதி. 1.057 இல்லாமல் போயிருந்தால் வலங்கைமான் தாண்டியதும் காணாமல் போயிருப்போம். இரண்டு வண்டிகள் அப்படித்தான் போயின. ஒன்றை நாங்களே எதிரில் பார்த்தோம். கை காட்டினார்கள், நாங்களும் காட்டினோம், யார் வழி சரி என்று அந்த நேரத்தில் இருவருக்குமே சந்தேகம்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டை நினைத்துத்தான் எனக்குப் பயம். நடத்தியவர்கள் உள்ளூர்க்காரர்கள், விவரமாக அந்தத் துண்டை நேரக்கணக்கில் சேர்க்காமல் தாராளமாக அவகாசம் கொடுத்துவிட்டார்கள். கேட் போட்டிருந்தது. வண்டியை அணைத்துவிட்டு வேர்க்கடலை வாங்கித் தின்றோம்.

மாட்டிக்கொண்டது வேறு இடத்தில். சம்பா அறுவடை முடியும் சமயம். ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் கொட்டிக் காய்ந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். களம் இல்லாதவர்களுக்குத் தார் ரோடுதான் களம். இடது பக்கம் நெல், ஓரத்தில் வரிசையாகக் கருங்கல், அதன் மேல் ஒரு பச்சைப் புடவை கட்டிய குச்சி. மீதிப் பாதியில் எதிரே வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர், இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு. நெல்லின் மேல் ஏற்றினால் தாண்டிவிடலாம். பலகையால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து எங்கள் கதவில் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்தார், அப்புறம் டயரைப் பார்த்தார். "ஏத்திப்புடாத தம்பி, டிராக்டர் போவட்டும்" என்றார். நின்றோம்.

மாப்ள கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டே இருந்தான். பத்து, இருபது, முப்பது. டிராக்டர்காரர் வைக்கோல் உரசாமல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். எங்கள் கண்ணாடியில் இரண்டு துரும்பு சொருகிக்கொண்டது. அதற்கு மேல் 45-க்கு மேலே போகவும் மனசில்லை, கிராமத்து ரோடு, பள்ளிக்கூடம் வேறு. அடுத்த கன்ட்ரோல் முந்நூறு மீட்டரிலேயே இருந்தது. 41 விநாடி தாமதம்.

இந்தப் போட்டியில் தாமதத்துக்கு விநாடிக்கு ஒரு அபராதப் புள்ளி, சீக்கிரம் வந்தால் இரண்டு. அந்த 41-ஐ விட்டுவிட்டால் மற்ற கன்ட்ரோல்களில் பெரும்பாலும் ஐந்து விநாடிக்குள் இருந்தோம். குடவாசல் பக்கம் ஒன்றில் பூஜ்யம். அதைக் கேட்டதும் மாப்ள கதவைத் திறந்து இறங்கிப்போய் நேரம் குறிக்கும் மார்ஷலிடம் கைகொடுத்துவிட்டு வந்தான், அதற்குள் அடுத்த துண்டின் நேரம் ஓடத் தொடங்கிவிட்டது. பட்டியலில் நடுவில் வந்தோம். ஜெயித்த ஜோடி ஜீப்பில் வந்த அப்பாவும் மகளும். அவர்களும் அந்த நெல்லில் நின்றிருக்கிறார்கள், ஆனால் டிராக்டர் அவர்களுக்கு முன்பே கடந்துவிட்டதாம். அதிர்ஷ்டத்துக்கும் இதில் ஒரு நாற்காலி உண்டு என்பது என் அபிப்பிராயம், மாப்ள ஒத்துக்கொள்ளவில்லை. முதல் துண்டிலேயே பத்து விநாடியை முன்னால் வைத்திருந்தால் அடி குறைந்திருக்கும் என்கிறான். அங்கே கன்ட்ரோல் இருந்திருந்தால் இருபது புள்ளி போயிருக்குமே என்றேன். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

அடுத்த வேலை, மீட்டர். நூறு மீட்டருக்கு ஓர் எண் என்பது பாலங்கள் நெருக்கமாக வரும் இடத்துக்குப் போதவில்லை. சக்கரத்தில் காந்தம் ஒட்டி, பக்கத்தில் ஒரு சென்சார் வைத்து, சுற்றை எண்ணிப் பத்து மீட்டர் துல்லியத்தில் காட்டும் டிரிப் மீட்டர் கிடைக்கிறது. புதிதாக வாங்கினால் விலை கேட்டு மனைவி முகம் மாறும். மாப்ளயின் மில்லில் எடைமேடை டிஸ்ப்ளேயைப் பழுது பார்க்க வரும் பையன், பழைய சைக்கிள் மீட்டரை வைத்தே செய்து தருகிறேன் என்கிறான். ஒரு சுற்று 1.69 மீட்டர் என்று அதில் பதிவு செய்துவிட்டால் 1.057-க்கே வேலை இல்லை. டயரை மாற்றப் போவதில்லை. ஆற்றங்கரை ரோட்டுக்கு அந்த உயரம் வேண்டும். மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்குவதற்குள் பொருத்திவிட்டு, ஒரத்தநாடு ரோட்டில் கல்லைப் பிடித்துச் சரிபார்க்க வேண்டும்.