எல்லாம் நல்லதுதானே: கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு

29 ஆகஸ்ட் 2025, வெள்ளி

கந்தோரில் கடைசி நாள். கேக் வெட்டினார்கள், ஒரு சுவர்மணிக்கூடு தந்தார்கள், முதலாளி நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னார். அதையெல்லாம் சிரித்த முகத்தோடு சமாளித்துவிட்டேன். சில்லறைக் காசுப் பெட்டியின் திறப்பைக் கொடுக்கும்போதுதான் கை தயங்கியது. என் இடத்துக்கு வந்த பிள்ளை அதை வாங்கி, கைப்பையின் சிப்பை இழுத்துத் திறந்து, லிப்ஸ்டிக்கோடும் பஸ் ரிக்கெற்றுகளோடும் சேர்த்து உள்ளே போட்டாள். நான் அதைச் சேலை மடிப்பில் ஊசி குத்தி வைத்திருந்தவள். "அங்கே போடாதே பிள்ளை" என்று நுனி நாக்கு வரை வந்தது. இனி அது அவளுடைய பெட்டி. பேசாமல் வந்துவிட்டேன்.

வாசல் வரை வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான். "மகன் கனடாவில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார், நீங்களும் தங்கச்சியோடு வெள்ளவத்தையில் இருக்கப் போறீங்கள், சேமலாப நிதிக் காசும் வரும். எல்லாம் நல்லதுதானே அக்கா?"

நல்லதுதான். ஜூனில் மகனும் மருமகளும் போனார்கள். ஜூலையில் வீட்டுக்காரர் வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். ஆகஸ்டில் வேலை முடிந்தது. வீட்டுக்காரரின் செய்தியைத் தவிர மற்றதெல்லாம் நான் நேர்த்தி வைத்துக் காத்திருந்தவை. பிறகு ஏன் ஓட்டோவில் ஏறியதும் தொண்டை அடைத்தது என்று எனக்கே விளங்கவில்லை.

3 செப்டம்பர், புதன்

சாமான் கட்டுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் இருந்த அனெக்ஸ். இரண்டு அறைதான், ஆனால் தட்டுத் தட்டாகச் சாமான் வருகிறது.

அம்மியை எதிர்வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. தேக்கு அலுமாரி தங்கச்சியின் பிளட்ஸ் லிப்டுக்குள் போகாது என்பதால் பழைய தளபாடக் கடைக்காரர் வந்து பார்த்தார். அவர் சொன்ன விலையைக் கேட்டால் தேக்கே அழும். மகனின் பள்ளிக்கூட ரிப்போட்டுகள் ஒரு றங்குப்பெட்டி நிறைய இருக்கின்றன. என்ன செய்வது என்று வட்ஸ்அப்பில் கேட்டேன். "எறிஞ்சு விடுங்கோ அம்மா" என்றான், யோசிக்காமலே. அவனுக்கு அவை பழைய கடதாசி. ஒவ்வொரு தவணையும் வகுப்பாசிரியர் முன்னால் போய் உட்கார்ந்து கையெழுத்து வைத்தது நானல்லவா. றங்குப்பெட்டியோடு கட்டிவிட்டேன்.

7 செப்டம்பர், ஞாயிறு, போயா

சந்திர கிரகணம். கோயிலை நேரத்தோடே பூட்டிவிட்டார்கள். மாடி வீட்டு மாமி தண்ணீர்ப் பானைக்குள்ளும் ஊறுகாய்ப் போத்தலிலும் தர்ப்பை போட்டு வைத்ததோடு, எனக்கும் ஒரு பிடி கொண்டுவந்து தந்தா. எட்டு மணிக்கு முன் சாப்பிட்டு முடித்தோம்.

பதினொரு மணிக்கு முழுக் கிரகணம். நான் எப்படியும் விழித்துத்தான் இருந்தேன். முகில் விலகிய நேரம் பார்த்தால், நிலவு செங்கல் நிறத்தில் மங்கிப்போய் நின்றது. ஒழுங்கையில் பையன்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

நித்திரை வராததற்குக் கிரகணத்தைக் குறை சொல்ல முடியாது. இப்போது தினமும் இப்படித்தான். ஒரு மணிக்குக் கண் அயரும், நாலு மணிக்கு யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பு வரும். எழும்பும்போது பல்லை இறுகக் கடித்திருக்கிறேன், தாடை நோகிறது.

11 செப்டம்பர், வியாழன்

புரட்டாசி பிறக்குமுன் போய்விட வேண்டும் என்று தங்கச்சி ஒற்றைக் காலில் நின்றா. இன்று வந்து சேர்ந்தோம். லொறிப் பையன்கள் கெட்டிக்காரர்கள், ஒரு கோப்பைகூட உடையவில்லை.

கொழும்பு 13இலிருந்து கொழும்பு 6. பத்துக் கிலோமீற்றர் அளவுதான் இருக்கும். ஆனால் இங்கே காற்றே வேறு. பல்கனிக் கம்பியைத் தொட்டால் விரலில் உப்புப் பிசுபிசுக்கிறது. மரைன் டிரைவ் பக்கமாகக் கரையோர ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி சின்னதாக அதிர்கிறது. தங்கச்சிக்கு அது கேட்பதே இல்லையாம்.

18 செப்டம்பர், வியாழன்

செவ்வாய் இரவு நெஞ்சு இறுகியது. படிக்கட்டில் ஏறிய பிறகு வரும் மூச்சு வாங்கல் மாதிரி இல்லை, சும்மா படுத்திருக்கும்போதே. "கேஸ்தான், இஞ்சி போட்டுக் குடியுங்கோ" என்றா தங்கச்சி. நான் கேட்கவில்லை. அறுபது வயதில் நெஞ்சு இறுகினால் முதலில் ஈசீஜீ, இஞ்சியெல்லாம் பிறகு. ஓட்டோ பிடித்துப் போனோம். ஈசீஜீயும் இரத்தப் பரிசோதனையும் சரி. பிரஷர் மட்டும் கொஞ்சம் கூட. தைரொயிட்டும் பார்க்க வேண்டும் என்றார்கள். இன்று அந்த முடிவும் வந்தது, அதுவும் சரி.

டொக்டர் இளம் பிள்ளை. "அன்ரி, இந்த வருஷம் வீட்டில் ஏதும் பெரிய விஷயம் நடந்ததா?" என்று கேட்டா. "கெட்டது ஒன்றும் இல்லை" என்றேன். "நான் கெட்டதா என்று கேட்கவில்லையே" என்றா.

சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நீளமாகப் பட்டது. மாற்றம் நல்லதா கெட்டதா என்று உடம்பு பிரித்துப் பார்ப்பதில்லை என்று அந்தப் பிள்ளை விளக்கினா. பழகிய ஒழுங்கு குலைந்தால் உடம்பு காவல் காக்கத் தொடங்கிவிடும். அட்ரினலின், கோட்டிசோல் என்ற ஹோர்மோன்கள் கூடும், நித்திரை மெலியும், தசை இறுகும். பெரும்பாலானவர்களுக்கு இது சில மாதங்களில் தானாகத் தணிந்துவிடுமாம். ஆறு மாதம் கடந்தும் தணியாவிட்டால், அல்லது சாப்பாடு வெறுத்து, எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால், உடனே வரச் சொன்னா.

நித்திரைக் குளிசை கேட்டேன், தரவில்லை. அதற்குப் பதிலாகச் சட்டம் போட்டா: பகல் இரண்டு மணிக்குப் பிறகு தேத்தண்ணி கூடாது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழும்ப வேண்டும். இருபது நிமிஷமளவில் நித்திரை வராவிட்டால் கட்டிலில் புரளாமல் எழுந்து வேறிடத்தில் போய் இருக்க வேண்டும். இடையில் விழித்தால் மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது. தேத்தண்ணிதான் கஷ்டமான தண்டனை.

20 செப்டம்பர், சனி

டொக்டர் பிள்ளை பேச்சுவாக்கில் சொன்ன ஒரு பட்டியலைத் தேடிப் பிடித்தேன். 1967இல் தோமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ரேஹ் என்ற இரண்டு அமெரிக்க மனநல டொக்டர்மார் வெளியிட்டது. வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கணவன் அல்லது மனைவியின் சாவுக்கு 100. விவாகரத்துக்கு 73. கலியாணத்துக்கு 50! விடுமுறைக்கும் 13, நத்தாருக்கும் 12 போட்டிருக்கிறார்கள். ஆக, சந்தோஷங்களும் கணக்கில் சேர்ந்திருக்கின்றன. கலியாணத்தைத்தான் அளவுகோலாக வைத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுப் புள்ளி போடச் சொல்லி 394 பேரிடம் கேட்டார்களாம். அந்த வேலையில் இருந்தவர்களுக்குக் கொஞ்சம் நகைச்சுவை இருந்திருக்க வேண்டும்.

கணக்குப் பிள்ளை சும்மா இருப்பாளா? பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் கூட்டினேன். ஓய்வு 45. பிள்ளை வீட்டை விட்டுப் போனது 29. வருமான நிலை மாறியது 38. வீடு மாறியது 20. நித்திரை மாறியது 16. மொத்தம் 148. ஒரு வருஷத்தில் 150க்கு மேல் போனால் நோய் வரும் வாய்ப்புக் கூடும், 300க்கு மேல் போனால் இன்னும் அதிகம் என்பது அவர்கள் கணக்கு. அப்பாடா, இரண்டு புள்ளியில் தப்பினேன் என்று நினைத்தேன். பிறகுதான் சாப்பாட்டுப் பழக்கம் 15 கண்ணில் பட்டது. தங்கச்சி இரவில் சோறு சமைப்பதில்லை. 163.

ஆனால் ஒன்று. இதை நான் ஐந்தொகை போல நம்பவில்லை. ஒரே வீடு மாற்றம் ஒருத்திக்கு விடுதலை, இன்னொருத்திக்கு இடி. எல்லாருக்கும் 20 போட்டால் எப்படி? பின்னால் வந்த ஆய்வாளர்களும் இதைத்தான் குறையாகச் சொன்னார்கள். மாற்றத்தை அவரவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதும், அன்றாடச் சின்னச் சின்னத் தொல்லைகளும் பெரிய சம்பவங்களைவிடக் கூடப் பாதிக்கலாம் என்று ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளர் எண்பதுகளில் எழுதினார். தவிர, அந்தப் பட்டியலில் 83 ஜூலைக் கலவரம் இல்லை. 2022இன் காஸ் வரிசை, பெற்றோல் வரிசை இல்லை. எங்கள் சனத்தை வைத்துக் கூட்டினால் தாள் போதாது.

இருந்தும் அந்த 163ஐப் பார்த்ததில் ஒரு நிம்மதி. எனக்குப் பைத்தியமும் இல்லை, நன்றிகெட்டதனமும் இல்லை. கணக்கில் செலவு இருக்கிறது, அவ்வளவுதான்.

27 செப்டம்பர், சனி

ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் வந்தார். ஓய்வு பெற்றவளைப் பார்க்க வந்தாராம். பிளேன்டீ முடியுமுன்னே நீர்கொழும்புப் பக்கம் ஒரு காணி. "காசைச் சும்மா வைத்திருந்தால் கரைந்து போகும் தங்கச்சி, இப்ப போட்டால் இரண்டு வருஷத்தில் இரட்டிப்பு."

"ஒரு வருஷத்துக்கு அந்தக் காசில் கை வைக்கப் போவதில்லை அண்ணா, நிலையான வைப்பில் போடப் போகிறேன்" என்றேன். முகம் சுருங்கியது. இது அவர் மேல் சந்தேகம் அல்ல (கொஞ்சம் சந்தேகமும்தான்). நித்திரை இல்லாத தலையோடு காணி உறுதியில் கையெழுத்து வைக்கக் கூடாது. இந்த வருஷம் என் அனுமதி இல்லாமலே நடந்த மாற்றங்கள் போதும். நானாகத் தேடிப்போய் இன்னொன்றைச் சேர்ப்பானேன்?

தங்கச்சிக்கும் இதே பதில். யோகா வகுப்பில் சேருங்கோ, ராமகிருஷ்ண மிஷனுக்குப் போங்கோ, சிங்களம் எழுதப் படியுங்கோ, ஏதாவது 'பிசியாக' இருங்கோ என்று தினமும் ஒன்று சொல்கிறா. எல்லாம் நல்ல யோசனை. ஆனால் புதியவை ஏற்கெனவே வீடு நிறைய இருக்கின்றன. இப்போது எனக்குப் பழையவை நாலைந்து வேண்டும்.

அப்படித்தான் நேற்று 155 பஸ்ஸில் ஏறிக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரத்துக்குப் போய்வந்தேன். "வெள்ளவத்தையில் கோயில் இல்லையா?" என்றா தங்கச்சி. இருக்கிறது, நடக்கும் தூரத்தில் அம்மனே இருக்கிறா. ஆனால் அந்தக் கருங்கல் மண்டபத்தின் குளிரும், வெள்ளிக்கிழமை அதே தூணடியும் இங்கே இல்லை. போகவர அரை நாள் போயிற்று. அந்த அரை நாளில் தாடை நோகவில்லை.

2 அக்டோபர், வியாழன், விஜயதசமி

நேற்றுக் குசினியில் சண்டை. காரணம் உப்புப் போத்தல். நான் அடுப்புக்கு வலப்பக்கம் வைக்கிறேன், அவ மேல் தட்டில் வைக்கிறா. இரண்டு கிழவிகள் உப்புக்காகக் குரலை உயர்த்தினோம். "நாலு மணிக்கு எழும்பி லைட்டைப் போட்டால் எனக்கு எப்படி நித்திரை வரும் அக்கா?" என்று அவ கேட்டபோதுதான் உப்புக்கு அடியில் இருந்தது வெளியே வந்தது. தனியாக இருந்து பழகியவ. அவவுக்கும் நான் ஒரு பெரிய மாற்றம்தான், இதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

இன்று சரஸ்வதிக்குப் படைத்த அவலைச் சாப்பிட்டுக்கொண்டே ஒப்பந்தம் பேசினோம். காலைக் குசினி என்னுடையது, இரவு அவவுடையது. விடியப்புறம் நான் ஹோலில் சின்ன விளக்கோடு இருப்பேன். வாரத்தில் இரண்டு இரவு சோறு. உப்பு இரண்டு போத்தல்.

10 அக்டோபர், வெள்ளி

உலக மனநல நாள் என்று ரேடியோவில் சொன்னார்கள். 1926 என்ற இலக்கத்தையும் சொன்னார்கள், அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் உதவித் தொலைபேசி. தமிழிலும் கதைக்கலாம்.

அங்கொடை என்றதும் தங்கச்சி சிரித்தா. கொழும்பில் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கோபம் வந்தால் "உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்ப வேணும்" என்று திட்டித்தானே வளர்ந்தோம். அந்தப் பகிடி எத்தனை பேரை வாய் மூட வைத்திருக்கும் என்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை. எங்கள் கந்தோரில் ஒருவர் மனைவி இறந்த பிறகு மாதக்கணக்கில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுபோவார். பாவம் என்று எல்லாரும் சொன்னோம். ஒருவராவது இப்படி ஓர் இலக்கம் எழுதிக் கொடுத்தோமா? பிரிட்ஜ் கதவில், காஸ் கடை இலக்கத்துக்குக் கீழே 1926ஐ எழுதி ஒட்டிவிட்டேன். எனக்குத் தேவைப்படாமல் போகலாம். வருகிறவர்கள் பார்க்கட்டும்.

நித்திரை இப்போது ஐந்து மணி வரை போகிறது. எல்லா நாளும் இல்லை.

19 அக்டோபர், ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. மகன் இல்லாத முதல் தீபாவளி. இரண்டு நாளாக நெஞ்சில் அந்த இறுக்கம் திரும்பவும் லேசாக எட்டிப் பார்க்கிறது. இந்த முறை பயப்படவில்லை. பிரஷர் குளிசையைப் போட்டுவிட்டு, பல்கனியில் நின்று மெதுவாக மூச்சு விட்டேன். ரயில் போனது. கண்ணாடி அதிர்ந்ததா என்று பார்க்க மறந்துவிட்டேன்.

பயற்றம் பணியாரம் சுட்டோம். காலைக் குசினி என்னுடையது என்பதால் சீனிப்பாகு என் பக்குவம். தங்கச்சி பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் இருந்தது பெரிய விஷயம். பணியாரம் கனடாவுக்கு அனுப்பக் கூரியர் விலை கேட்டேன். அந்தக் காசுக்கு இங்கே நாலு வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கலாம். அனுப்பவில்லை.

நாளைக் காலை ஏழு மணிக்கு மகன் வீடியோவில் வருவான், அங்கே முதல் நாள் இரவு ஒன்பதரை. நவம்பர் 2ஆம் திகதி அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளுவார்களாம், பிறகு எங்கள் ஏழு மணிக்கு அங்கே எட்டரை. அப்போது அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். எட்டு மணிக்கு மாற்றச் சொல்ல வேண்டும், மருமகளிடம் சொன்னால்தான் நடக்கும்.