பெட்டிச் செய்தியில் அடங்காத முழங்கால்

விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தால் பழைய ஆட்டக்காரர்களின் கதையைச் சுருக்கி எழுதும் வேலை அடிக்கடி வரும். உலகக் கோப்பை நெருங்கும்போது, யாராவது காலமாகும்போது, கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று கைவிட்டுப் போய்ப் பக்கத்தில் ஓட்டை விழும்போது. இதற்கென்று டெஸ்கில் ஒரு வார்ப்பு உண்டு: ஏழ்மை, திறமை, புகழ், குடி, சாவு. பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்பார் எங்கள் சீனியர் ஒருவர். பாதி கிண்டல்தான், மீதிப் பாதி எங்கள் வேலையைப் பற்றிய சரியான வர்ணனை.

இந்த வார்ப்புக்கு ரொம்ப வசதியாகப் பொருந்துபவர் பிரேசில் கால்பந்து ஆட்டக்காரர் கரிஞ்சா. அதனாலேயே அவரைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

1933இல் பாவ் கிராண்டி என்ற ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே அங்கிருந்த துணி ஆலையில் வேலைக்குப் போனார். இரண்டு கால்களும் ஒரே பக்கமாக வளைந்தவை, ஒன்று மற்றதைவிடக் குட்டை. 1953இல் பொட்டாஃபோகோ கிளப்பில் தேர்வுக்கு வந்தபோது, பிரேசில் அணியின் தற்காப்பு ஆட்டக்காரரான நில்டன் சான்டோஸையே திணறடித்தார். இவனை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கிளப்பிடம் சொன்னவரும் அதே நில்டன் சான்டோஸ்தான். 1958 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரேசிலின் முதல் இரண்டு கோல்களும் வலது ஓரத்திலிருந்து இவர் கொடுத்த பந்துகளில் வந்தவை. 1962இல் பீலே இரண்டாவது ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேற, காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு என்று கோல் போட்டுக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 28.

வார்ப்பின்படி இதற்கு அடுத்த வரியில் குடி வர வேண்டும். ஆனால் அதற்கு முன்பே முழங்கால் வந்துவிட்டது. வளைந்த காலில் எடையை ஊன்றி, சட்டென்று திரும்பி, மறுபடி ஊன்றி ஓடும் ஆட்டம் அவருடையது. மூட்டு தேய்ந்துகொண்டே போனது. அந்தக் காலத்தில் பிரேசில் கிளப்புகளுக்கு வெளிநாட்டு நட்பு ஆட்டங்கள் பெரிய வருமானம். கூட்டம் வருவது இவரைப் பார்க்கத்தான். ஓய்வு கொடுத்தால் வருமானம் போகும். முழங்காலில் ஊசி போட்டு இறக்கினார்கள். அறுவைச் சிகிச்சை நடந்தபோது 1964 ஆகிவிட்டது.

சரி, வேறு கிளப்புக்குப் போயிருக்கலாமே? அங்கேதான் சிக்கல். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் மீதான உரிமை கிளப்பிடமே இருக்கும். அவர்கள் விடுவித்தால்தான் நகர முடியும். பிரேசிலில் இந்த முறைக்கு முடிவு கட்டிய சட்டம் வந்ததே 1998இல்தான். அதற்குப் பீலே பெயர். கரிஞ்சாவோ தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார் என்பார்கள். இதைப் பெட்டிச் செய்திகளில் 'வெகுளித்தனம்' என்று ரசித்து எழுதுவது வழக்கம். அந்தத் தாளில் தொகையை நிரப்பியவர்களைப் பற்றி யாரும் ரசித்தும் எழுதவில்லை, திட்டியும் எழுதவில்லை.

1966இல் அவரை கொரிந்தியன்ஸுக்கு விற்றார்கள். அதே முழங்காலோடு அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கும் கூட்டிப்போனார்கள். ஹங்கேரியிடம் 3-1 என்று தோற்ற ஆட்டம்தான் பிரேசிலுக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டம். அவர் சர்வதேச ஆட்டத்தில் தோற்ற அணியில் இருந்ததும் அந்த ஒரு தடவைதான்.

அவரை அப்பாவியாக்கிக் காட்டும் உத்தேசம் எனக்கு இல்லை. குடித்தார், நிறையவே குடித்தார். முதல் மனைவியையும் பெண் குழந்தைகளையும் விட்டுப் போனார். 1969இல் அவர் ஓட்டிய கார் விபத்துக்குள்ளாகி, அவருடைய துணைவியான பாடகி எல்சா சொவாரெஸின் தாயார் இறந்தார். இதையெல்லாம் கிளப்பின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் குடியை மட்டும் எழுதினால் கதை பத்து வரியில் முடிந்துவிடுகிறது, முதலாளி யாரென்றே தெரியாமல். ஒரு ஆலைத் தொழிலாளியின் கை இயந்திரத்தில் போனால் இயந்திரத்தைப் பற்றி இரண்டு வரியாவது எழுதுவோம், இல்லையா?

1980 கார்னிவலில் மங்கேரா சாம்பா பள்ளி என்ற நடனக் குழுவின் ஊர்வல வண்டியில் அவரை உட்கார வைத்துக் கொண்டுபோனார்கள். மருந்தின் மயக்கத்தில், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாதவர் போல இருந்தார். கூட்டம் கையசைத்தது. 1983 ஜனவரியில் 49 வயதில் ஈரல் கெட்டு இறந்தார். தலைநகர் பிரேசிலியாவின் பெரிய மைதானத்துக்கு இன்று அவர் பெயர்தான்.

இப்போது டெஸ்கில் காயச் செய்தி ஏதாவது வந்தால், 'ஆடத் தயார்' என்று சொன்னது யார் என்று முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் கிளப்பின் அறிக்கையாகத்தான் இருக்கும். அப்படியானால் 'கிளப் தெரிவித்தது' என்பதை வெட்ட வேண்டாம் என்று புதிதாகச் சேர்ந்த பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். அப்புறம் இடம் போதாத நாளில் முதலில் வெட்டுவதும் அதைத்தான்.