மூன்றாம் நம்பர் டிரையர்: ஒரு மெக்கானிக்கின் நாட்குறிப்பு

மார்ச் 4, செவ்வாய்

காலையில் வந்த முதல் அழைப்பே "சூடு வரலை" என்றுதான். விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பும் துண்டும் வெளுத்துக் கொடுக்கும் பெரிய லாண்டரி அது. ஒரே மாதிரியான ஐந்து கேஸ் டிரையர்கள் வரிசையாக நிற்கின்றன. நான்கில் துண்டு 35 நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. மூன்றாம் நம்பரில் மட்டும் 70 நிமிடம் ஓட்டினாலும் மடிப்போரம் ஈரமாகவே வருகிறது.

எனக்கு முன்னால் வந்தவர் தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டரையும் கேஸ் வால்வையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். கழற்றிய பாகங்கள் ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தன. வால்வு காயிலை மீட்டரில் வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. நல்ல பாகத்தைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

துணி ஈரமாக வந்தால் யாராயிருந்தாலும் சூட்டைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் பார்வைத் துளையில் பார்த்தபோது பர்னர் நன்றாகவே பற்றியது. ஒரு நிமிடம் எரிந்து அணைந்தது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பற்றியது. கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கிறது. சூடு இருந்தும் துணி காயவில்லை என்றால் நான் காற்றைத்தான் தேடுவேன். துணியிலிருந்து கிளம்பும் ஆவியை வெளியே கொண்டுபோவது காற்று. அது போதாவிட்டால் ஈரம் டிரம்முக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பர்னர் பக்கம் வெப்பம் தேங்கும். உடனே, அதிகச் சூட்டைத் தடுக்க வைத்திருக்கும் ஹை லிமிட் தெர்மோஸ்டாட் கேஸை வெட்டிவிடும், ஆறியதும் திரும்ப விடும். இங்கே நடப்பதும் அதுதான்.

பஞ்சு வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். சுத்தமாகத் தெரிந்தது. குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் விட்டால் வலைமேல் அப்படியே தேங்கி நிற்கிறது! துணி மிருதுவாக இருக்கப் போடும் சாஃப்ட்னர், மெழுகு மாதிரிப் படிந்து கண்களை அடைத்திருக்கிறது. கையால் பஞ்சை வழித்தெடுத்தால் இது போகாது. வெந்நீர், சோப்பு, நைலான் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். 70 நிமிடம் 60 ஆனது. அவ்வளவுதான். நோய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

ஈரக் காற்றை வெளியே கொண்டுபோகும் குழாயான டக்ட் அடைத்திருக்கும் என்ற நினைப்போடு போனேன். டிரையரை ஒட்டி டக்டில் ஒரு சின்னத் துளை போட்டு, உள்ளே பார்க்க முடிகிற பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் வளைத்துச் சாயத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைத் துளையில் செருகினேன். கையில் வேறு கருவி இருந்தாலும் இந்தத் தண்ணீர்க் குழாயின்மேல் எனக்குத் தனி நம்பிக்கை. அதற்கு பேட்டரி தீராது. இந்த மெஷினின் கையேட்டில் டக்டின் எதிரழுத்தம் 0.3 அங்குல நீர்மட்டத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. அதாவது சுமார் 7.6 மி.மீ. எனக்கு வந்தது 2 மி.மீ.தான். 'டக்டில் அடைப்பு இல்லை' என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து வாஷர் மேல் சந்தேகம் வந்தது. வாஷர் சரியாகப் பிழியாவிட்டால் டிரையர்தான் பழி சுமக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 0.63 யூனிட் வெப்பம் வேண்டும். வீணாகும் வெப்பம் இதில் சேராது. வேறொரு இடத்தில், 40 கிலோ துணி பிழிந்த பிறகும் 76 கிலோ இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அங்கே டிரையரில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை, வாஷரின் வடிகால் வால்வைச் சரி செய்தேன், முடிந்தது.

இங்கே எடை போட்டால் 40 கிலோ துணி 62 கிலோவாக வந்தது. பிழிவதில் குறையில்லை. அதே வாஷரில் பிழிந்த அடுத்த சுமையை நான்காம் நம்பரில் போட்டோம். 35 நிமிடத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. ஆக, குற்றம் மூன்றாம் நம்பரில்தான். அதற்குள் வேறு இடத்திலிருந்து அவசர அழைப்பு. பாதியில் விட்டுவிட்டு வந்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று வேறு இடம், வேறு சிக்கல். பர்னர் பற்றுகிறது, ஐந்தாறு நொடியில் அணைகிறது. மூன்று முறை முயன்றுவிட்டு லாக்அவுட், அதாவது தானே நின்றுவிடுகிறது.

பற்றிய பிறகு அணைந்தால், பர்னரைக் கட்டுப்படுத்தும் மாட்யூலுக்குத் தீ கண்ணில் படவில்லை என்று அர்த்தம். தீக்குள் மின்சாரம் ஓடும், ஆனால் ஒரு திசையில்தான் நன்றாக ஓடும். மாட்யூல் அனுப்பும் ஏசி, தீ வழியாக பர்னர் உடம்புக்குப் போகும்போது டிசி போல ஆகிவிடுகிறது. அந்தக் கொஞ்சூண்டு டிசியைப் பார்த்துத்தான் 'தீ இருக்கிறது' என்று மாட்யூல் நம்புகிறது. அதை மைக்ரோ ஆம்பியரில்தான் அளக்க வேண்டும், ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அது. மீட்டரைத் தொடரில் போட்டதும் 0.4 காட்டியது. சென்சார் கம்பியை மெல்லிய உப்புத்தாள் வைத்துத் துடைத்தேன். 0.6. போதாது. பர்னரின் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினால் அடியில் முழுக்கத் துரு. சுரண்டி இறுக்கியதும் 2.8. சென்சாரை எல்லோரும் துடைக்கிறார்கள், மின்சாரம் திரும்பி வரும் வழியைப் பார்ப்பதில்லை.

மார்ச் 10, திங்கள்

எலக்ட்ரிக் டிரையர். "சூடு பாதிதான் வருது" என்றார் அங்கே வேலை செய்யும் தம்பி. அவர் சொன்னது அளந்து சொன்னது மாதிரி அவ்வளவு சரி. கிளாம்ப் மீட்டரில் இரண்டு ஃபேஸில் ஒரே கரண்ட், மூன்றாவதில் பூஜ்யம். ஒரு ஃபேஸ் போனால், சூடாக்கும் எலிமென்ட்டுகளை நியூட்ரல் இல்லாத ஸ்டார் முறையில் இணைத்திருந்தாலும் டெல்டா முறையில் இணைத்திருந்தாலும் சூடு சரிபாதியாகும். டெல்டாவில் எலிமென்ட் ஒன்று மட்டும் அறுந்திருந்தால் கதை வேறு. மூன்று ஒயரிலும் கரண்ட் இருக்கும், ஆனால் ஏற்றத்தாழ்வோடு. சூடு மூன்றில் இரண்டு பங்காகும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தது. எலிமென்ட்டுகளுக்கு மின்சாரத்தை இணைத்து வெட்டும் கான்டாக்டர் மூடியிருக்கும்போது ஒவ்வொரு முனைக்கும் குறுக்கே வோல்ட் பார்த்தேன். மூடிய தொடுமுனையில் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்ட வேண்டும். இரண்டில் அப்படியே இருந்தது, மூன்றாவதில் முள் எகிறியது. கழற்றினால் தொடுமுனை கருகிக் குழி விழுந்திருக்கிறது. புதுக் கான்டாக்டர் போட்டேன். ஒரு மணி நேர வேலை.

மார்ச் 12, புதன்

எழுதும்போதுகூட மனம் ஆறவில்லை.

மூன்றாம் நம்பரில் தீய்ந்த வாடை வருகிறது என்று கூப்பிட்டார்கள். உடனே நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடினேன். கேஸை மூடி, சுவரில் இருக்கும் மெயின் சுவிட்ச் பெட்டியான ஐசோலேட்டரை ஆஃப் செய்து பூட்டு போட்டு, மூன்று ஃபேஸிலும் மின்சாரம் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு பின்பக்கத் தகட்டைக் கழற்றினேன். பர்னர் பெட்டியைச் சுற்றிப் பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது. சில இடத்தில் கரியாகவே ஆகியிருந்தது. அடுத்து ஏர் ஃப்ளோ சுவிட்ச். காற்று இழுத்தால்தான் அதன் தகடு சாய்ந்து சுவிட்சை அழுத்தும், அப்புறம்தான் பர்னருக்கு அனுமதி. அந்தத் தகட்டை யாரோ செப்புக் கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

இத்தனை நாளும் இந்த மெஷினையும் இதன் முன்னால் நின்று வேலை செய்தவர்களையும் காப்பாற்றி வந்தது அந்த ஒரு ஹை லிமிட் தெர்மோஸ்டாட் மட்டும்தான். ஓயாமல் வெட்டி வெட்டி, ஒரு நாள் அதன் தொடுமுனை ஒட்டிக்கொண்டிருந்தால்? கம்பி கட்டியவருக்கு பர்னர் எரிய வேண்டும், அவ்வளவுதான். சுவிட்ச் ஏன் எரியவிடவில்லை என்று அவர் கேட்கவே இல்லை. முதல் நாளே பின்பக்கத்தைத் திறந்து பார்க்காத என் தவறும் இதில் இருக்கிறது.

கம்பியை வெட்டினேன், பஞ்சை முழுக்க உறிஞ்சி எடுத்தேன், கேஸை மூடியே வைத்து மெஷினை ஓட்டினேன். ஃபேன் ஓடுகிறது, ஆனால் தகடு பாதி சாய்ந்து நடுங்குகிறதே தவிர சுவிட்சைத் தொடவில்லை. காற்று குறைவு என்று சுவிட்ச் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

துணி மடிக்கும் அக்கா அருகில் வந்தார். "அக்கா, இது எந்த நாள்லேர்ந்து இப்படி?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை அவர். "அந்தச் சுவர்ப் பெட்டி எரிஞ்சு புதுசு மாத்துனாங்களே தம்பி, அன்னிலேர்ந்துதான்" என்றார்.

ஐசோலேட்டர்! ஆஃப் செய்து, ஃபேன் தானாக ஓய்ந்து நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உறையில் பொறித்திருந்த அம்புக்குறிக்கு நேர் எதிர்த் திசையில் சுற்றி நின்றது. ஐசோலேட்டரை மாற்றியபோது இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கிறது. இந்த வகை ஃபேன் தலைகீழாகச் சுற்றினாலும் காற்றைத் திருப்பி அனுப்பாது. அதே வழியில்தான் தள்ளும், ஆனால் ரொம்பக் குறைவாக. அதனால் வெளி முனையில் கைவைத்தால் காற்று வருகிற மாதிரியே இருக்கும். டிரம்மைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இந்த மாடலில் டிரம் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சுற்றக்கூடியது. ஃபேனுக்கோ தனி மோட்டார்.

போன புதன்கிழமை எடுத்த 2 மி.மீ. கணக்கும் இப்போது புரிகிறது. காற்றே குறைவாகப் போனால் டக்டில் அழுத்தம் எப்படி ஏறும்? குறைந்த அளவைப் பார்த்து நல்ல செய்தி என்று நினைத்துவிட்டேன். அன்றைக்கே நான்காம் நம்பரிலும் அதே இடத்தில் அளந்து ஒப்பிட்டிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டு ஒயரை இடம் மாற்றிப் போட்டேன். ஓட்டியதும் தகடு 'டக்' என்று சுவிட்சில் போய் உட்கார்ந்தது. டக்டில் 5 மி.மீ. நான்காம் நம்பரிலும் போய் அளந்தேன், அங்கும் 5. ஹை லிமிட்டைப் புதிதாக மாற்றினேன். இத்தனை முறை வெட்டிய ஒன்றை இனி நம்ப முடியாது. துண்டு 34 நிமிடத்தில் காய்ந்தது.

மார்ச் 13, வியாழன்

லாண்டரி உரிமையாளரிடம் அந்தக் கம்பியைக் கையில் கொடுத்துப் பேசினேன். அமைதியாகக் கேட்டார். யார் கட்டினார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

அக்காவிடம் பேசியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. காய நேரம் இழுத்ததால், கடைசியில் வரும் குளிர்விக்கும் சுற்றை விட்டுவிட்டு, சுடச்சுட எடுத்து அடுக்கியிருக்கிறார்கள். சமையலறைத் துணியும் அதில் வருகிறது. சமையல் எண்ணெய் வெளுத்த பிறகும் நூலில் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சூடான துணியைக் குவித்தால் அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து தானே சூடேறும். குவியலுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை. மெஷினை நிறுத்திப் பல மணி நேரம் கழித்துக்கூட, ஆள் இல்லாத ராத்திரியில் பற்றிக்கொள்ளும். இதை அக்காவுக்கு மட்டுமல்ல, ராத்திரி ஷிப்ட் ஆட்களுக்கும் உட்கார்ந்து சொன்னேன். சமையலறைத் துணிக்குத் தனி வண்டி, குளிர்விக்கும் சுற்று முடியும்வரை கதவைத் திறப்பதில்லை என்று அவர்களே முடிவு செய்தார்கள். மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 20, வியாழன்

ஒரு வாரம் ஆயிற்று, போய்ப் பார்த்தேன். மூன்றாம் நம்பர் 34, 35 நிமிடம். பர்னர் இடையில் வெட்டாமல் நிதானமாக எரிகிறது. ஐந்து டிரையருக்கும் டக்ட் அழுத்தம், காயும் நேரம், மோட்டார் கரண்ட் எல்லாவற்றையும் அட்டையில் எழுதி ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் தொங்கவிட்டேன். வலையைக் கழுவும் நாளைக் குறிக்கவும் அதில் கட்டம் போட்டிருக்கிறேன்.

கிளம்பும் நேரத்தில் அக்கா கூப்பிட்டார். "தம்பி, அஞ்சாம் நம்பர்ல காலையில ஒரு முனகல் சத்தம், சூடானா நின்னுடுது." காதை வைத்துக் கேட்டேன், ஒன்றும் இல்லை. நாளை ஷிப்ட் தொடங்கும் முன்னால், மெஷின் குளிர்ந்திருக்கும்போதே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.