பத்து வயது குதிரை டிரெய்லருக்கு விலை வைத்த அனுபவம்

என் தாய்மாமாவும் அவருடைய நண்பரும் 2015ஆம் ஆண்டில் கூட்டாக ஒரு குதிரை டிரெய்லரை வாங்கினார்கள். இரண்டு குதிரைகளை அருகருகே நிறுத்திக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துச் செல்லும் வகை அது. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளை ஆளுக்கொன்றாக வாங்கி, சிங்கப்பூரில் ஒரு தனியார் லாயத்தில் கட்டி வைத்திருந்தார்கள். முழங்கால் வலியால் மாமா 2025இல் தம் குதிரையைக் கொடுத்துவிட்டுக் கூட்டிலிருந்து விலகியபோது, டிரெய்லரை நண்பரே வைத்துக்கொள்வதென்றும், மதிப்பில் பாதியை மாமாவுக்குக் கொடுத்துவிடுவதென்றும் பேசி முடித்தார்கள். அந்த மதிப்பு எவ்வளவு என்பதை மட்டும் இருவரும் பேசவில்லை. கணக்கெழுதுவது என் தொழில் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

தொழில் புத்தியோடு நான் முதலில் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தைத்தான் புரட்டினேன். ஐந்தே ஆண்டுகளில் தேய்மானம் முழுவதையும் கழித்திருந்ததால், 2020இலிருந்து டிரெய்லரின் மதிப்பு பூஜ்யம் என்று அது சொன்னது. இதை மாமாவிடம் காட்டியபோது, "அப்போ நானும் பூஜ்யம்தானா? எனக்கும் தேய்மானம் ஆயிடுச்சே!" என்றார். புத்தக மதிப்பு வேறு, விற்கும் விலை வேறு என்பதைப் பிறருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். சொந்த வீட்டில் அதை மறந்துவிட்டேன்.

எனவே சந்தை விலையைத் தேடத் தொடங்கினேன். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ பழைய குதிரை டிரெய்லர்கள் எப்போதும் விற்பனைக்கு இருப்பதால், அதே வகையில் அதே வயதுடைய பத்துப் பன்னிரண்டைப் பார்த்து ஒரு விலையைப் பிடித்துவிடலாம். சிங்கப்பூரில் அந்த வசதி இல்லை. 1842இல் தொடங்கிய குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சி பந்தயத் திடலில் கடைசியாக ஓடி முடிந்தது. 2027 மார்ச்சுக்குள் அந்த நிலம் அரசாங்கத்திடம் திரும்பப் போகிறது. (1933க்கு முன்பு பந்தயம் நடந்த ஃபேரர் பார்க் பக்கத்து ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இன்று மீன்தலைக் கறிதான் பிரபலம்.) பந்தயம் நின்றபின் குதிரைகளைச் சார்ந்த வேலைகளும் சுருங்கின. அதற்கும் மேலாக, இரண்டு குதிரைகளோடு இரண்டு டன்னை நெருங்கும் டிரெய்லரைச் சிறிய கார் இழுக்காது. வாங்குபவரிடம் அதற்கேற்ற பெரிய வண்டி இருக்க வேண்டும். கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழே, பெரிய கார்களுக்கு 2023 அக்டோபரில் 150,001 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தொட்ட ஊரில், டிரெய்லருக்காக யாரும் வண்டி வாங்கப் போவதில்லை. வாங்கக்கூடியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்று தோன்றியது.

நேரடிச் சந்தை இல்லாததால் மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்கிப் பார்க்க முடிவு செய்தேன். மேல் எல்லை, இதே போன்ற புதிய டிரெய்லரை இன்று இங்கே கொண்டுவந்து இறக்க ஆகும் செலவு. 2015இன் பில்லில் டிரெய்லர் விலை 10,200 வெள்ளி, கப்பல் கட்டணமும் காப்புறுதியும் 3,800 வெள்ளி, இந்த இரண்டின் கூட்டுத்தொகைக்கு 7 விழுக்காடு பொருள் சேவை வரி 980 வெள்ளி என மொத்தம் 14,980 வெள்ளி இருந்தது. நான் வாங்கிய புதிய விலைப்பட்டியலில் டிரெய்லர் 13,500, கப்பலும் காப்புறுதியும் 5,000. வரி இப்போது 9 விழுக்காடு என்பதால் 1,665 சேர்ந்து, பதிவுச் செலவுக்கு முன்பே 20,165 வெள்ளி வந்தது. கப்பல் கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்டதற்குக் கிடைத்த விளக்கம் எனக்குப் புதியது. டிரெய்லர் ஏறத்தாழ 2.7 மீட்டர் உயரம். சாதாரணக் கொள்கலனின் கதவு 2.3 மீட்டர்கூட இல்லாததால் அதற்குள் நுழையாது. வண்டிகளை உருட்டி ஏற்றும் கப்பலில்தான் அனுப்ப வேண்டும். அங்கே எடையைவிட அடைக்கும் இடத்துக்கே காசு, நீளம் 4.5, அகலம் 2.2, உயரம் 2.7 என்று பெருக்கினால் கிட்டத்தட்ட 27 கனமீட்டர். உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று, அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

கீழ் எல்லையைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. பழைய இரும்பு எடுப்பவர் கிலோவுக்கு 30 காசு என்றார். 900 கிலோவுக்கு 270 வெள்ளி. மரத்தையும் கண்ணாடி இழைக் கூரையையும் கழற்றும் கூலி தனி என்று அவர் சொன்னபோது, அந்த 270ஐயும் மறந்துவிடலாம் என்று தெரிந்தது.

இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை டிரெய்லரின் உடம்புதான் சொல்ல வேண்டும் என்பதால், அதைச் சுங்கை காடுட் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். வெளியே கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "பெயிண்ட்டைப் பாத்து ஏமாறாதீங்க தம்பி, குதிரை நிக்கிறது பெயிண்ட் மேல இல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கனத்த ரப்பர் விரிப்பின் ஒரு மூலையைத் தூக்கினார். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தது. திருப்புளியைத் தளப்பலகையில் வைத்து லேசாக அழுத்தினார். குதிரையின் பின்கால்கள் நிற்கும் இடத்தில் அது நனைந்த ரொட்டிக்குள் போவதுபோல அரை அங்குலம் இறங்கியது. ஐந்நூறு கிலோ எடையுள்ள குதிரை ஓடும் வண்டியில் அந்தப் பலகையின் மீதுதான் நிற்கிறது என்று நினைத்தபோது, விலை பற்றிய எண்ணமே கொஞ்ச நேரம் போய்விட்டது.

தவறு எங்களுடையதுதான். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவி, விரிப்பைத் தூக்காமல், குதிரை ஏறி இறங்கும் சரிவுப் பலகையை மூடி வைத்திருக்கிறோம். இந்த ஊர் ஈரக்காற்றில் மூத்திரமும் தண்ணீரும் விரிப்புக்கு அடியில் காயவே இல்லை. அலுமினியத் தளமாக இருந்தாலும் தப்பியிருக்காது, அரித்துக் குழி விழுந்திருக்கும் என்றார் அண்ணன். ஆறுதலாக, துத்தநாகம் பூசிய அடிச்சட்டத்தில் மேலோட்டமான துரு மட்டுமே இருந்தது. டயர்களின் பொத்தான்கள் (தரையைப் பிடிக்கும் புடைப்புகள்) தேயவே இல்லை என்று மாமா பெருமைப்பட்டார். பக்கச் சுவரில் 2315 என்ற நான்கு இலக்கங்களை அண்ணன் விரலால் தடவிக் காட்டினார். 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தவை என்று பொருள். ஓடாமல் நின்ற டயருக்கும் வயதாகும். ரப்பரில் மெல்லிய வெடிப்புகள் இருந்தன. தளப்பலகை 1,400, நான்கு டயர்கள் 440, பிரேக்கும் பேரிங்கும் 600, சரிவுப் பலகையின் சுருள்வில்லும் கீலும் 250 எனச் சரிசெய்ய ஆகும் செலவு 2,690 வெள்ளி.

டிரெய்லரை ஒழுங்காகப் பராமரித்தால் இருபது ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்து, புதியதன் விலையில் பாதியான 10,082 வெள்ளியிலிருந்து அந்தச் செலவைக் கழித்தேன். 7,392 வெள்ளி வந்தது. பழைய பில்லின் விலையில் பாதியை எடுக்காமல் இன்றைய விலையில் பாதியை எடுத்ததற்குக் காரணம் உண்டு: வாங்குபவர் ஒப்பிடுவது நாம் அன்று கொடுத்த விலையோடு அல்ல, தாம் இன்று கொடுக்க வேண்டியதோடுதான்.

ஆனால் தாளில் வந்த எண்ணை யாராவது கொடுப்பார்களா என்று பார்க்க வேண்டுமே. நான்கு லாயங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். இரண்டில் தேவையில்லை என்றார்கள். மூன்றாமவர் 16.2 கை உயரக் குதிரை உள்ளே நிமிர்ந்து நிற்குமா என்று கேட்டார். ஒரு கை என்பது நான்கு அங்குலம், 16.2 என்றால் 16 கையும் 2 அங்குலமும், ஆக முதுகு வரையே 66 அங்குலம் என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்குள் அவருக்கு ஆர்வம் போய்விட்டது. நான்காமவர் உள்ளது உள்ளபடியே எடுத்துக்கொண்டு 4,000 வெள்ளி தருவதாகச் சொன்னார்.

மாமாவின் மருமகன் போட்ட கணக்கு என்ற சந்தேகம் நண்பருக்கு வரக்கூடாது என்பதற்காக, பில்கள், பட்டறை மதிப்பீடு, தொலைபேசியில் கேட்ட விலை எல்லாவற்றையும் இருவர் முன்னாலும் ஒரே நேரத்தில் வைத்தேன். 4,000 தான் உண்மை விலை, கையில் காசோடு நிற்பவர் சொன்னது அது மட்டுமே என்றார் நண்பர். அவர் சொன்னது சரிதான், வெளியாருக்கு விற்பதாக இருந்தால். ஆனால் இவர் விற்கப் போவதில்லை. டிரெய்லர் இல்லாவிட்டால் குதிரையைக் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் வாடகை வண்டி பிடிக்க வேண்டியவர். அதனால் அவருக்கு அது 4,000க்கு மேல்தான் பெறும் என்று நான் வாதிட்டேன். இரண்டு எண்களுக்கும் நடுவான 5,696ஐ 5,700 ஆக்கி, பாதியான 2,850 வெள்ளிக்கு இருவரும் ஒப்புக்கொண்டார்கள். நடுப்புள்ளிக்கு எந்தக் கணக்கியல் நியாயமும் கிடையாது; முப்பது வருட நட்புக்கு அது பொருந்தியது, அவ்வளவுதான்.

தளத்தை மாற்றும் செலவு முழுவதும் நண்பருடையது. கழற்றிய பலகைகளில் உறுதியாக இருந்த இரண்டைப் பூந்தொட்டிகளுக்கு அடியில் போடலாம் என்று மாமா வீட்டுக்கு எடுத்துப் போனார். அத்தை மின்தூக்கியிலேயே மோப்பம் பிடித்துவிட்டதால், அவை வாசல் வரைகூட வரவில்லை.