அப்பா போட்ட கையெழுத்து

ஜனவரி 6, 2025, திங்கள்

மதியம் மூன்று மணிக்கு அம்மா போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் கூப்பிடவே மாட்டாள். எடுத்ததும், "ரெண்டு பேரு வந்திருந்தாய்ங்க பாப்பா. தெருவுல நின்னு உங்கப்பா பேரச் சொல்லிக் கத்திட்டுப் போறாய்ங்க" என்றாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை.

பில்லிங் கவுண்டருக்கு எதிரே ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். போனை வைத்துவிட்டு ரசீது போட்டேன். கை நடுங்கியதில் இரண்டு முறை தப்பாக அடித்தேன்.

மதுரையிலிருந்து சோழவந்தான் வந்து சேர இரவு எட்டரை ஆகிவிட்டது. அப்பா வீட்டில் இல்லை. கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருக்கிறாராம். இந்த இருட்டில் என்ன தண்ணீர்? தெருவில் யார் முகத்திலும் விழிக்க முடியாமல் வெற்றிலைக் கொடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்திருக்கிறார்.

வந்தவர்கள் வங்கியின் வசூல் ஆட்கள். கடன் என் படிப்புக்கு வங்கியில் வாங்கியது. 2014-ல் இன்ஜினீயரிங் சேர்ந்தேன். வருடத்துக்கு 80,000 என்று நான்கு வருடத்தில் 3,20,000 ரூபாய். நான்கு லட்சம் வரைக்கும் சொத்து எதுவும் அடமானம் வேண்டாம், அப்பாவோ அம்மாவோ சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றார்கள். அப்பா ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டார். அன்றைக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தார்.

ஜனவரி 9, வியாழன்

காலை 6.40-க்கு அப்பா நம்பருக்கு அழைப்பு. நான் வாங்கிப் பேசினேன். இன்று மாலைக்குள் 50,000 கட்டாவிட்டால் போலீஸ் வரும் என்றான் ஒருவன். இதற்கும் போலீஸுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும் வயிறு கலங்கியது.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்று எழுதி வைக்கிறேன். 2018-ல் படிப்பு முடிந்தது. சென்னையில் ஒரு சின்ன கம்பெனியில் 14,000 சம்பளம். 2019 ஆகஸ்டில் தவணை தொடங்கியது, மாதம் 7,470. அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் முழுவதும் அதற்கே போனது. எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் கட்டினேன். அப்புறம் ஊரடங்கு, கம்பெனி மூடிவிட்டார்கள். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஆனால் வட்டி மட்டும் நிற்கவில்லை. ஊருக்கு வந்து கிடைத்த வேலையெல்லாம் பார்த்தேன். முடிந்தபோது ஆயிரம், இரண்டாயிரம் கட்டினேன். மூன்று மாதம் தவணை தவறினாலே கணக்கு வாராக் கடனில் சேர்ந்துவிடும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நோட்டீஸ் வந்தது, பிரிக்காமல் பீரோவில் வைத்தேன். நம்பரை மாற்றினேன். அதனால்தான் அவர்கள் அப்பாவைப் பிடித்தார்கள். இதை எழுதும்போது நெஞ்சு வலிக்கிறது.

கொஞ்ச நாளாக அம்மா என் பக்கத்திலேயே படுக்கிறாள். காரணம் கேட்கவில்லை, தெரியும். 2016-ல் இதே மதுரையில் கல்விக்கடன் வசூல் நெருக்கடி தாங்காமல் இன்ஜினீயரிங் முடித்த ஒரு பையன் உயிரை விட்டான். நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். அன்றைக்கு அம்மா பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் வாசலில் நின்றாள். இன்று இரவு அவள் கையைப் பிடித்து, "அப்படியெல்லாம் நான் போக மாட்டேன்மா" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜனவரி 16, வியாழன்

அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. ஊரே அங்கே போய்விட்டது. தம்பி மட்டும் வீட்டில் படித்துக்கொண்டிருந்தான். மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை. திடீரென்று, "அக்கா, நான் காலேஜ் போகல. திருப்பூர்ல வேலை இருக்காம்" என்றான். நான் பதில் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து பிரிக்காத கவர்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். பதினொன்று இருந்தன. அவனே உட்கார்ந்து தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தான்.

ஜனவரி 22, புதன்

லீவு போட்டுவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனேன். அவர் வர மாட்டேன் என்றார். "உன் கையெழுத்துப்பா, நீ வந்தாத்தான் பேச முடியும்" என்றேன். வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

கடன் தொடங்கிய நாளிலிருந்து முழு ஸ்டேட்மென்ட் கேட்டேன். முதலில் தர மறுத்தார்கள், எழுதிக் கொடுத்த பிறகு தந்தார்கள். மர நிழலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். வாங்கியது 3,20,000. தவணை தொடங்கும்போது 4,36,000. படிக்கும் காலத்து வட்டி மட்டும் 1,16,000. இன்று அவர்கள் கேட்கும் தொகை 6,71,000.

அந்த 1,16,000-ல் கண் நின்றது. 2009 முதல் மத்திய அரசின் வட்டி மானியம் இருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,50,000-க்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வாங்கிய கடனில் படிக்கும் காலத்துக்கும் அதற்கடுத்து தவணை தொடங்கும் வரையான சலுகைக் காலத்துக்கும் உள்ள வட்டியை அரசே கட்டும். குத்தகைக் கொடிக்கால்காரரின் வருமானம் அந்த வரம்பின் பக்கத்தில்கூட வராது. என் கணக்கில் அந்த மானியம் ஒரு ரூபாய்கூட வரவு இல்லை.

உள்ளே போய்க் கேட்டேன். வருமானச் சான்று தரவில்லை என்று பதில். அப்பா எழுந்து நின்று, "குடுத்தேன் சார். வாடிப்பட்டி தாலுகா ஆபீஸுக்கு மூணு தடவ நடந்து வாங்கி, இந்த மேசையிலதான் வச்சேன்" என்றார். ஒப்புகை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. பத்து வருடத்துக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது எங்கேயோ. பழைய ஆண்டுகளுக்கு இனி மானியம் கேட்க முடியாது என்று முடித்துவிட்டார்கள்.

அப்பா பொய் சொல்லவில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

பிப்ரவரி 3, திங்கள்

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு என்பது சட்டத்திலேயே இருக்கிறது. இத்தனை வருடம் இது தெரியாமல் இருந்தேனே. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள்.

அங்கே இருந்த வக்கீல் அக்கா என் பதினொரு கவரையும் பொறுமையாகப் பார்த்தார். மார்ச் 8 தேசிய மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வைக்கலாம், கட்டணம் கிடையாது என்றார். அப்புறம் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "அங்க போடுற உத்தரவு கோர்ட்டு தீர்ப்பு மாதிரிம்மா. அப்பீல் கிடையாது. ஒத்துக்கிட்டுக் கட்டாம விட்டா இதவிட மோசமாயிடும். அதனால வீட்டுல எல்லாரும் உக்காந்து, எவ்வளவு கட்ட முடியும்னு கணக்குப் போட்டுட்டு வா." குறைத்துக் கட்டினால் கடன் அறிக்கையில் 'செட்டில்ட்' என்று பதிவாகும், முழுதாகக் கட்டி முடித்த கணக்காகாது, பின்னால் வேறு கடன் கேட்கும்போது அது இடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வசூல் ஆட்கள் பற்றிக் கேட்டேன். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் கையில் இருக்க வேண்டும், இது ரிசர்வ் வங்கி விதி என்றார். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். 6.40 அழைப்பின் தேதி, நேரம், எண், தெருவில் கத்திய நாள், எல்லாம்.

பிப்ரவரி 14, வெள்ளி

மறுபடி வந்தார்கள். நான் வீட்டில் இருந்தேன். "கார்டு காட்டுங்க, லெட்டர் காட்டுங்க" என்றேன். இல்லை. "கொண்டாந்துட்டு உள்ள வந்து உக்காந்து பேசுங்க, தண்ணி தர்றேன். தெருவுல நின்னு எங்கப்பா பேரச் சொல்லாதீங்க." குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்தேன். போய்விட்டார்கள்.

மார்ச் 8, சனி

அப்பாவும் நானும் ஒன்பதரைக்கே போய்விட்டோம். எங்களைப் போல எத்தனை பேர்! என் வயசுப் பிள்ளைகள், பக்கத்தில் வேட்டியில் ஒரு அப்பா அல்லது கையில் மஞ்சள் பையோடு ஒரு அம்மா. இத்தனை நாள் ஊரிலேயே நான் ஒருத்திதான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

வங்கித் தரப்பு முதலில் 4,90,000 என்றது. நான் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்து வட்டி மானியக் கதையைச் சொன்னேன். ஒப்புகை இல்லாததால் அது அவர்களைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். ஆனால் அமர்வில் இருந்த நீதிபதி அப்பாவைப் பார்த்து, "நீங்க சொல்லுங்கய்யா" என்றார். அப்பா தாலுகா ஆபீஸுக்கு மூன்று தடவை போனதைச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். யாரும் குறுக்கே பேசவில்லை.

ஒன்றரை மணி நேரம் பேசி 2,60,000-ல் முடிந்தது. இந்த மாதத்துக்குள் 65,000, மீதி 1,95,000-ஐ பன்னிரண்டு மாதத்தில், மாதம் 16,250. என் சம்பளம் 17,000. "சோத்துக்கு நாங்க இருக்கோம், நீ அதக் கட்டு" என்று அம்மா முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள். 65,000-க்கு என் சீட்டுப் பணம் 18,000, அம்மாவின் மகளிர் குழுவில் 30,000, மிச்சத்துக்கு இரண்டு ஆடுகள்.

அப்பா கையெழுத்துப் போட்டார். இந்த முறை நான் ஒவ்வொரு பக்கமாகப் படித்துச் சொன்ன பிறகு போட்டார். நகலைக் கேட்டு வாங்கியதும் அவர்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

முதல் 16,250 கட்டியாயிற்று. இன்னும் பதினொன்று. காலையில் அப்பா போன் அடித்தது. வெற்றிலை வியாபாரி. முதல் மணியிலேயே எடுத்துப் பேசினார்.

மே 8, வியாழன்

காலையில் மீனாட்சி திருக்கல்யாணம். டிவியில் பார்த்தபடியே அம்மா தாலிக்கயிறு மாற்றிக்கொண்டாள். அதே காலையில் பிளஸ் டூ ரிசல்ட். தம்பி 600-க்கு 521. திருப்பூர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் முதல் பட்டதாரி சலுகையில் படித்தவள், அதனால் அவனுக்கு அது இல்லை. ஆனால் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். கடன் வாங்க வேண்டியே வராமல் போகலாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இரவு நான்கு பேரும் சாப்பிடாமல் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியில் அம்மாதான் சோற்றைப் போட்டாள்.

மே 14, புதன்

அழகர் கூட்டம் கலைந்து பஸ் இன்றுதான் ஒழுங்காக ஓடியது. காலையில் வேலைக்குப் போகும் முன் அப்பாவோடு சோழவந்தான் இ-சேவை மையத்துக்குப் போனேன். எதற்கும் கையில் இருக்கட்டும் என்று வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்தோம். கட்டணம் 60 ரூபாய். அந்தப் பெண் ஒப்புகைச் சீட்டை என்னிடம் நீட்டினாள். அப்பா குறுக்கே கை நீட்டி வாங்கி, தேதி இருக்கிறதா, எண் இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். நாலாக மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துச் சுருக்கை இழுத்தார்.